சீனாவின் 57ஆம் வகைச் சமிக்ஞைத் துப்பாக்கி: ஒரு மதிப்பீடு

வண்ண ஒளிக்குண்டுகளை வானில் ஏவிச் சைகை காட்டும் 57ஆம் வகைச் சீனச் சமிக்ஞைத் துப்பாக்கி ஒன்றை, சுடும் திறன் நீக்கப்பட்ட நிலையில், பழம்பொருள் கடையில் அரைமணி நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். வானொலிக் கருவிகள் போதாமல், 1950-53 கொரியப் போரில் ஊதுகொம்பையும் வண்ண ஒளியையும் நம்பித் தாக்குதலை ஒருங்கிணைத்த சீனப் படைக்கு இத்தகைய கருவி எவ்வளவு இன்றியமையாதது என்பது அப்போது விளங்கியது. சோவியத் ஆயுத வடிவமைப்பாளர் ஷ்பாகினின் 1944ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றிய இதில், குழலைக் கீழே மடக்கி, 26.5 மில்லிமீட்டர் தோட்டாவைச் செருகி மூடி, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகே விசையை அழுத்த முடியும்.

கைப்பிடி தேய்ந்திருந்தாலும், மடிப்புக் கீல் சற்றும் ஆடவில்லை. மூடும்போது எழுந்த கனத்த உலோக ஒலியே அதன் உறுதியைச் சொல்லியது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோட்டா நிரப்ப வேண்டியிருப்பது குறைதான். ஆயினும், கையுறை அணிந்த விரல்களுக்கும் எளிதான இந்த அமைப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன்.