ஃபாலன் வீரர்கள்: துரோகிகளா, கைவிடப்பட்டவர்களா?

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் கற்பனை உலகில் இது தீராத வழக்கு. டார்க் ஏஞ்சல்ஸ் என்ற படையில், தலைவரை எதிர்த்து நின்றவர்கள்தான் ஃபாலன். துரோகிகள் என்பதற்குச் சாட்சி பலமானது: உள்நாட்டுப் போர் முடிந்து படைத் தலைவர் லயன் எல்ஜான்சன் தாயகமான காலிபனுக்குத் திரும்பியபோது, சொந்தக் கோளே அவர் கப்பல்கள்மீது சுட்டது. அவருடைய துணைத் தலைவர் லூதர், கேயாஸ் என்ற தீய சக்திகளின் பக்கம் சாய்ந்ததும் உண்மை.

ஆனால் லூதரையும் ஏராளமான வீரர்களையும் காலிபனிலேயே விட்டுவிட்டுப் போனவர் லயன்தானே? மனம் புழுங்காமல் என்ன செய்யும்? அதிலும் பலர் மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு முத்து. பிடிபட்ட ஃபாலனை வதைத்து மனந்திரும்ப வைத்தால், டார்க் ஏஞ்சல்ஸின் விசாரணைக் குரு அதன் அடையாளமாக ஒரு கறுப்பு முத்தைக் கோத்துக்கொள்வார். இதைப் படித்ததும் யார் பக்கம் நிற்பது என்றே குழம்பிவிடுகிறது.

லூதர் துரோகி, சரி. எல்லோரையும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023-இல் வந்த கதையில், நெடுங்காலம் காணாமற்போய்த் திரும்பிவந்த லயனே சிலரை மன்னித்துச் சேர்த்துக்கொண்டாரே!