16ஆம் லூயி வெள்ளி நாணயம் வாங்குகிறீர்களா? விளிம்பைப் பாருங்கள்

பாரிசில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைகளைச் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. போன மாதம் நான் 90 யூரோவைத் தொலைத்த கதை.

1784 என்று ஆண்டு போட்ட எக்யூ அது. பிரெஞ்சு அரசர் 16ஆம் லூயி காலத்தில் 6 லிவருக்கு (லிவர் அன்றைய பிரெஞ்சுப் பணம்) செல்லுபடியான பெரிய வெள்ளி நாணயம். ஒரு பக்கம் அரசரின் தலை, மறுபக்கம் கிரீடத்துக்குக் கீழே மூன்று லில்லிப் பூக்கள். நான் கேட்காமலே கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பார்த்தீர்களா, வெள்ளி!" என்றார். பித்தளையும்தான் காந்தத்தில் ஒட்டாது. அது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

அரசரின் காதுக்குக் கீழே நாலைந்து கீறல்கள். நான் தயங்கியதைப் பார்த்து அதற்கும் விளக்கம் தந்தார்: எடை கூடிய வெள்ளி வில்லைகளை அந்தக் காலத்தில் அரத்தால் தேய்த்துச் சரிசெய்த பிறகுதான் அச்சடிப்பார்களாம், இது அந்தத் தடமாம். கொடுமை என்னவென்றால், அப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்தது. நானும் எங்கோ படித்திருந்தேன். விவரம் தெரிந்த ஆள் என்று நம்பிப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

வீட்டில் நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தால் 24.1 கிராம். அசல் எக்யூ சுமார் 29.5 கிராம். எவ்வளவு கை மாறினாலும் 5 கிராமா தேயும்? சரி என்று தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் அமிழ்த்தினேன். 2.8 காட்டியது. நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 24.1ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 8.6. அந்த வெள்ளிக்கு 10க்கு மேல் வரவேண்டும். பித்தளைக் கணக்குதான் இது.

அப்புறம் ஒரு நாணய வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவர் அரசரின் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேரே விளிம்பைப் பார்த்தார். அசலில் அங்கே 'இறைவா, அரசரைக் காப்பாற்று' என்று லத்தீனில் எழுத்து சுற்றி ஓடும். என்னுடையதில் வெறும் வரிக் கோடுகள்.

அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போனேன். ஆளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லையாம். தட்டில் இன்னொரு 1784 எக்யூ இருந்தது. காதுக்குக் கீழே அதே நாலைந்து கீறல்கள், அதே இடத்தில்.