ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு: வயிற்று டயாலிசிஸா, ரத்த டயாலிசிஸா?

சிறுநீரகம் செயலிழந்து வயிற்று டயாலிசிஸ் (குழாய் வழியே வயிற்றுக்குள் திரவம் நிரப்பி, கழிவோடு வெளியே எடுப்பது) செய்பவர்களுக்குத் தொப்புளிலோ தொடை இடுக்கிலோ பழைய தழும்பிலோ ஹெர்னியா (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம் வழியே உள்ளிருப்பது பிதுங்குவது) புடைப்பது அபூர்வமல்ல. 2 லிட்டர் திரவத்தை உள்ளே வைத்துக்கொண்டு இருமினால், குடம் தூக்கினால், பலவீனமான இடம் விட்டுக்கொடுத்துவிடும். வலை வைத்துத் தைத்தாயிற்று, சரி. தையல் ஆறும்வரை டயாலிசிஸ் எப்படி?

ஒரு வழி, சில வாரங்களுக்கு ரத்த டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது. வயிறு காலியாக இருக்கும், தையலுக்கு முழு ஓய்வு. ஆனால் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட வேண்டும். அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கலாம். வாரம் மூன்று முறை அலைச்சல். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால், மிச்சமிருக்கும் சிறுநீரும் குறைந்துபோகலாம். எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

இன்னொரு வழி, பழைய முறையையே கொஞ்சம் அடக்கி வாசிப்பது. 1 லிட்டர் அளவில் மட்டும் நிரப்பி, படுத்தபடியே, பெரும்பாலும் இரவில் மெஷின் வைத்துச் செய்வார்கள். நடமாடும் பகலில் வயிறு காலி. படுத்திருந்தால் வயிற்றுக்குள் அழுத்தம் குறைவு, உட்கார்ந்தால் எகிறும், சூட்சுமம் அவ்வளவுதான். அப்புறம் வாரம் போகப் போக அளவை ஏற்றுவார்கள்.

சிறுநீர் ஓரளவு போகிறவர் என்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவர் முதல் ஓரிரு நாளை டயாலிசிஸே இல்லாமல்கூடச் சமாளிக்கக்கூடும். சிறுநீரே வராமல் பொட்டாசியம் ஏறுகிறவருக்கும், தையல் ஓரம் திரவம் கசிகிறவருக்கும் ரத்த டயாலிசிஸ்தான் சரி. எந்த வழியானாலும் மலச்சிக்கல் வர விடக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.