வேர்ப்புழு வண்டும் ஊசி ஈயும்: ஒரு பூச்சி மாதிரிப் பெட்டியின் மதிப்புரை

பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கும் நான், வேரைத் தின்னும் வண்டையும் ஒட்டுண்ணி ஈயையும் ஒப்பிட்டுக் காட்டும் மாதிரிப் பெட்டி ஒன்றைச் சிக்பேட்டைக் கடையில் வாங்கினேன். இரண்டின் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி ஆகியவற்றைக் கண்ணாடி போன்ற பிசின் கட்டிகளில் பதித்திருக்கிறார்கள்.

புழுக்களை அருகருகே வைத்திருப்பதுதான் இந்தப் பெட்டியின் பெரிய பலம். மண்ணுக்குள் வேரைக் கடித்து வாழும் வேர்ப்புழு பிறைபோல வளைந்து, தவிட்டு நிறத் தலை, வலுவான தாடைகள், மூன்று இணைக் கால்கள் எனத் தெளிவாகத் தெரிகிறது. பட்டுப்புழுவின் உடலுக்குள்ளேயே இருந்து உண்ணும் ஊசி ஈயின் புழுவுக்கோ காலும் இல்லை, தனித்த தலையும் இல்லை, கூரிய முனையில் கறுத்த வாய்க்கொக்கிகள் மட்டுமே உண்டு. வேர்ப்புழுவுக்கு மூச்சுத்துளைகள் விலாவில் வரிசையாக இருக்க, ஈப்புழு தான் துளைத்து நுழைந்த இடத்தில் பின்முனையை வைத்துக்கொண்டு காற்றை வாங்குகிறது. அந்த இடம் கறுத்துத் தழும்பாகிவிடும். அத்தகைய தழும்புள்ள பட்டுப்புழு ஒன்றையும் சேர்த்திருப்பது மிக நல்ல யோசனை. மேற்கு வங்கத்துப் பட்டுக்கூடுகளோடு 1980இல் கர்நாடகத்துக்குள் வந்த இந்த ஈயை, ராமநகரம் பக்கத்துப் பட்டு விவசாயிகள் அந்தக் கரும்புள்ளியை வைத்தே அடையாளம் காண்கிறார்கள்.

முதிர்பூச்சிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டின் கெட்டியான மேல் இறக்கைகளையும், ஈயின் மார்பில் ஓடும் நான்கு கருங்கோடுகளையும் கைலென்ஸ் இல்லாமலே பார்க்கலாம்.

ஆனால் ஈ செய்த சேதத்தைக் காட்டியவர்கள் வண்டு செய்யும் சேதத்தைக் காட்டவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வேர்ப்புழு தின்ற நிலக்கடலைச் செடி வாடி, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அப்படி ஒரு செடியின் அடிப்பகுதியைப் பதித்திருந்தால் ஒப்பீடு முழுமை பெற்றிருக்கும். ஈப்புழுவின் பின்முனை மேலேயே காற்றுக்குமிழி ஒன்று நிற்பதால் அங்குள்ள மூச்சுத்துளைகளும் சரியாகத் தெரியவில்லை.

கூட வரும் கையேடு இரண்டையும் வெறும் தீங்குப் பூச்சிகள் என்று முடித்துவிடுகிறது. ஊசி ஈயின் டாக்கினிட் குடும்பத்தில்தான் கரும்புத் துளைப்பானை அழிக்கும் ஈயும், புல்லின் வேரைத் தின்று வளரும் ஜப்பான் வண்டின் முதுகில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஈயும் இருக்கின்றன. இந்தப் பெட்டியை வாங்கும் ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குத் தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.