சிவகாசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை: பேத்தி காதுகுத்துக்கு பேனர் அடித்த கதை

கடையின் பெயரைப் போட்டால் கமிஷன் வாங்கிவிட்டான் என்பார்கள். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். சிவகாசி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கீழே செருப்புக் கடை, மாடியில் இது. படியேறும்போதே ஃப்ளெக்ஸ் மை வாடை மூக்கில் ஏறும். ஆஃப்செட் மையோடு ஆயுசைக் கழித்த எனக்கே அது தலைவலிதான். வீசிங் தொந்தரவு இருப்பவர்கள் வாட்ஸ்அப்பிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் வசதி இருக்கிறது.

எங்களுடையது பிரஸ் ஊர். 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது, பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சு வந்தது, அப்புறம் காலண்டரும் டைரியும் வந்தன. நான் மெஷினில் நின்ற காலத்தில் என் கைக்கு வராத சாமியும் இல்லை, தலைவரும் இல்லை. அதனால் அச்சு விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கொஞ்சம் சிரமம். எங்கள் ஆட்கள் ஃப்ளெக்ஸை அச்சு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அவ்வளவு வீம்பு கிடையாது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். சதுர அடி 15 ரூபாய். 10க்கு 6 எடுத்தோம், 900 ஆயிற்று. டிசைனுக்கு 300. சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்துத் தர 450. சட்டம் வேண்டாமென்றால் ஓரத்தில் வளையம் அடித்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஃப்ளெக்ஸ் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்காக அடிப்பது. நான் முதலில் பார்த்தது கறுப்பை. மட்டமான கடைகளில் அது வெளுத்துச் சாம்பலாக நிற்கும். இங்கே தலைமுடி தலைமுடியாகவே இருந்தது. மெஜந்தா என்கிற ரோஸ் மை மட்டும் கொஞ்சம் தூக்கல். பட்டுப்புடவைக்கு அது நல்லது, முகத்துக்கு ஆகாது.

முகம் என்றதும் என் முதல் புகார். அனுப்பிய முதல் ப்ரூஃபில் பேத்தியை வெள்ளைக்காரக் குழந்தையாக்கி வைத்திருந்தார்கள். அவள் எங்கள் அம்மாவின் நிறம், நல்ல கறுப்பு. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் ஐயா போடுவோம், போடலைன்னாதான் சண்டைக்கு வருவாங்க" என்றது டிசைன் போடும் பெண். என் மகள் சென்னையிலிருந்து போனிலேயே சொல்லிவிட்டாள்: "அவ கலர்லயே போடுங்க. இல்லைன்னா போட்டோவே வேண்டாம்." அடுத்த பத்து நிமிடத்தில் பிள்ளை பிள்ளையாக வந்துவிட்டாள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே வீட்டில் குங்குமப்பூ வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்த டிசைன் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். 'வரவேற்கிறோம்' என்பதில் க் சேர்க்காமல் அடிக்கத் தெரிந்த ஒருவரை ஃப்ளெக்ஸ் கடையில் நான் பார்த்தது இதுதான் முதல்முறை. அதைவிடப் பெரிய திறமை, உறவுக்காரர்களின் முகங்களை அடுக்குவது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதைவிடச் சிக்கலான வேலை. காதுகுத்து என்றால் தாய்மாமன் படம் பெரிதாக இருக்க வேண்டும், பிள்ளை அவன் மடியில்தானே உட்காரப்போகிறது. ஆனால் அப்பா வழிச் சித்தப்பா படம் அதைவிட ரொம்பச் சின்னதாகவும் போய்விடக் கூடாது. காலமான பெரியவர்கள் மேலே வட்டத்துக்குள். அத்தைமார்களை ஒரே வரிசையில், ஒரே அளவில். இதையெல்லாம் நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணே ஒரு தாளில் எழுதிக்கொண்டது. "அத்தை எத்தனை பேரு ஐயா, இதுல பேச்சுவார்த்தை இல்லாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டது. இருந்தார்கள். இரண்டு பேரையும் இரண்டு ஓரத்தில் போட்டுவிட்டது.

பேத்தி பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து. முதலில் அம்மா பெயருடையது, அடுத்து அப்பா பெயருடையது. மருமகப்பிள்ளைதான் அப்படிப் போடச் சொன்னார். சம்பந்திக்கு அதுவே முதல் இடி.

இரண்டாவது இடி தலைவர்கள். இந்தப் பக்கத்து பேனர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மொட்டை போடுகிற பிள்ளைக்கு மேலேகூட நாலு தலைவர்கள் நிற்பார்கள். கட்சித் தலைவர், சமுதாயத் தலைவர், சினிமா நடிகர், சில சமயம் தோனி. கடையிலும் முதல் கேள்வியே அதுதான்: "மேல யாரு யாரு வரணும்?" சம்பந்தி ஒரு சமுதாயத் தலைவர் படத்தைத் தயாராக போனில் வைத்திருந்தார். நான் காமராஜரைச் சொன்னேன். விருதுநகரில் பிறந்து, 1957இலும் 1962இலும் சாத்தூரில் நின்று ஜெயித்த மனிதர். சாதியைப் பார்த்துச் சொல்லவில்லை, எங்கள் ஜில்லாக்காரர் என்றுதான் சொன்னேன். மகனுடைய கூட்டாளிகள் கேட்டது ஒரு நடிகரை. மகளும் மருமகனும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: யாரும் வேண்டாம். "நம்ம பிள்ளைக்குக் காது குத்துறதுக்கு அவங்க எதுக்குப்பா?"

எனக்கு இதில் இன்றைக்கும் முழுச் சம்மதம் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மதியச் சாப்பாடு போட்ட மனுஷரை வீட்டு விசேஷத்தில் ஒரு ஓரமாக வைத்தால் என்ன குறைந்துவிடும்? தலைவர் படம் போடுவது எங்களுக்கு நன்றி. இவர்களுக்கு அது, அடுத்தவன் கொடியை நம் வீட்டில் நட்டுக்கொள்வது. ஆனால் சண்டை போடவும் மனசில்லை. 1967இல் அதே காமராஜரை அவர் சொந்த விருதுநகரிலேயே தோற்கடித்தவர் ஒரு மாணவர் தலைவர், பெ. சீனிவாசன். இளவட்டத்தை லேசாக எடைபோடக் கூடாது என்பது இந்த ஜில்லாவில் எங்கள் அப்பா காலத்துப் பாடம்.

வீட்டில் யாருக்கும் தோன்றாத வழியைச் சொன்னது அந்த டிசைன் பெண்தான். "மேல நடுவுல இருக்கன்குடி மாரியம்மன் வச்சிருவோம் ஐயா. ஆத்தாவுக்குப் பக்கத்துல யாரு படம் போடுறதுன்னு யாரும் கேக்க முடியாது." மொட்டையும் காதுகுத்தும் அந்தக் கோயிலில்தான், அதனால் பொருத்தமும்கூட. சம்பந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். இந்த ஒரு யோசனைக்கே 300 ரூபாய் தகும்.

அப்புறம், பேனரை எங்கே கட்டுவது? நான் நினைத்திருந்தது மண்டபத்துக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து. கடையிலேயே ஒரு அட்டை தொங்குகிறது: ரோட்டில் வைப்பதென்றால் மாநகராட்சி அனுமதி எண் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பதில்லை. முதலாளியிடம், "எல்லாரும்தானே வைக்கிறாங்க" என்றேன். "வைக்கிறாங்க அண்ணாச்சி, வேற கடையில அடிச்சு வைக்கிறாங்க" என்றார். வியாபாரத்தில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். முகூர்த்த மாதத்தில் இதனால் எத்தனை வேலை கைவிட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அனுமதி வாங்கிவிடலாம் என்று நான் கிளம்பியபோது தடுத்தது மகள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் கட்டிய பேனர் ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ மேல் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதே, அப்போது என் மகள் வேலை பார்த்தது துரைப்பாக்கத்தில். அவளும் அதே ரோட்டில் ஸ்கூட்டரில் போகிறவள். இறந்த பெண்ணுக்கு வயது 23. அந்த வாரம் தலைவர்கள் எல்லோரும் இனி பேனர் வேண்டாம் என்று தொண்டர்களுக்குச் சொன்னார்கள், நடிகர்கள் ரசிகர்களுக்குச் சொன்னார்கள். மாதம் திரும்புவதற்குள் மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் வருகிறார் என்று பேனர் வைக்க அரசாங்கமே உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நின்றது. "பெரியவங்க சொல்றது அவ்வளவுதான்ப்பா, நாம நம்ம வீட்டளவுல நிறுத்திக்குவோம்" என்றாள். பேனர் மண்டபத்துக்குள்ளேயே, மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஏறியது. மகனின் கூட்டாளிகள் தனியாக ஒன்று அடித்திருந்தார்கள். கூலிங் கிளாஸோடு என் மகன், கீழே 'தாய்மாமனே வருக'. அதற்கும் இடம் சாப்பாட்டுக் கூடத்தில்தான் கிடைத்தது.

இதில் ஒன்று எனக்கு வேடிக்கை. ரோட்டில் பெருமை கூடாது என்று சட்டம் பேசியவர்கள், அன்றைக்குச் சாயங்காலமே அதே பேனர் முன்னால் நின்று எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் தெருவுக்குத் தெரியக் கூடாது, ஊர் உலகத்துக்குத் தெரியலாம். கேட்டேன். "அது யாரு தலையிலயும் விழாதுல்ல" என்றான் மகன். பதில் சொல்ல முடியவில்லை. பெருமை அடித்துக்கொள்வதில் இவர்கள் எங்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல, இடத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

மற்றக் குறைகள்: சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் தாமதம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போனால் இன்னும் மோசம், இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். மடித்து எடுத்துவராதீர்கள், மடிப்பில் மை விரிசல் விடும். சுருட்டித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கிப்போய், அடிக்கும்போது முகம் கலங்கும். எங்கள் மூத்த அத்தை அப்படித்தான் கலங்கிப்போனார். அது கடையின் குற்றமல்ல, அனுப்பிய என் தம்பி மகனின் குற்றம். சட்டத்தில் ஒரு மூலை ஆணி தளர்வாக இருந்தது. கடைப் பையன் வந்து அடித்துக் கொடுத்தான், காசு கேட்கவில்லை. விசேஷம் முடிந்ததும் ஃப்ளெக்ஸ் கொல்லையில் விறகுக்கு மேல் மூடியாகிவிட்டது, மாரியம்மன் பகுதியை மட்டும் வீட்டம்மா வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். மை வாடைக்கும் தாமதத்துக்கும் சேர்த்து ஒன்று குறைத்திருக்கிறேன். சம்பந்தியிடம் கேட்டால் இவ்வளவு தரமாட்டார். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் தையில் வருகிறது, அதற்கு வேறு கடை பார்த்துவைத்திருக்கிறாராம். அங்கே மேல் வரிசையில் எத்தனை தலைவர் வேண்டுமானாலும் போட்டுத் தருவார்களாம், சதுர அடி 12 ரூபாய்தானாம்.