ஹிடிங்கா, டி மத்தேயோவா? செல்சிக்கு இடையில் வந்துபோன நாலு பேர்

யாழ்ப்பாணத்தில், லண்டன் உதைபந்தாட்டக் கழகமான செல்சியின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு இடத்தில்தான் வந்து முட்டும்: இடையில் வந்து சில மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போன முகாமையாளர்களில் யார் திறம்? மொரின்யோவைப் பற்றி இங்கே சண்டையே இல்லை, அவர் தனி. சண்டை எல்லாம் அவ்ரம் கிராண்ட், குஸ் ஹிடிங்க், றொபேர்ட்டோ டி மத்தேயோ, ரஃபா பெனிடெஸ் ஆகிய நாலு பேரைப் பற்றித்தான். இளம் பெடியளைக் கேட்டால் யோசிக்காமல் டி மத்தேயோ என்பார்கள். கொஞ்சம் வயது போனவர்களில் பாதிப்பேர் ஹிடிங்க் என்பார்கள். நான் ஹிடிங்க் கட்சி. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், "கப்பை எண்ணிப் பாருங்கோ அண்ணை" என்ற ஒரே வரியில் என்னை மடக்கப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

சரி, கப்பையே முதலில் எண்ணுவோம். டி மத்தேயோ 2012-இல் மூன்று மாதம்கூட ஆகாமல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சம்பியன்ஸ் லீக்கையும் வென்று தந்தார். ஹிடிங்க் 2009-இல் எஃப்.ஏ. கிண்ணம். பெனிடெஸ் 2013-இல் யூரோப்பா லீக். கிராண்டுக்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இந்தக் கணக்கு எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கழகங்கள் ஆடுகிற தொடர்களில் பெரும்பாலானவை விலகல் முறை. தோற்றால் வீடு, வென்றால் அடுத்த சுற்று, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கினவன்தான் கெட்டிக்காரன். துரையப்பா விளையாட்டரங்கில் இறுதிப் போட்டி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 38 ஆட்டம் கொண்ட லீக்கில் எத்தனை புள்ளி என்பது இரண்டாம் பட்சமாகத்தான் தெரியும்.

ஆனால் இடையில் வருகிற முகாமையாளர் வீரர்களை வாங்கினவர் இல்லை, பருவம் தொடங்க முன் அணியைப் பழக்கினவரும் இல்லை. அவருடைய கை எங்கே பட்டது என்று பார்க்க வேண்டுமென்றால் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: எந்த நிலையில் பொறுப்பெடுத்தார், தானாக எதை மாற்றினார், எப்படிக் கையளித்துவிட்டுப் போனார்.

ஹிடிங்கைப் பாருங்கள். 2009 பெப்ரவரியில் ஹல் சிற்றியோடு சொந்த மைதானத்தில் 0-0 என்று முடித்த கையோடு அப்போதைய முகாமையாளர் ஸ்கொலாரியை அனுப்பிவிட்டார்கள். 25 ஆட்டத்தில் 49 புள்ளி. முன்கள வீரர் ட்ரொக்பா ஒதுங்கிக் கிடந்தார், அதற்கு முந்தின மாதம்தான் மன்செஸ்டர் யுனைட்டெட்டின் ஓல்ட் ட்ரஃபோர்டில் 3-0 என்று வாங்கிக் கட்டியிருந்தார்கள். ஹிடிங்க் அப்போது ரஷ்ய தேசிய அணியின் பயிற்றுநர். அந்த வேலையையும் விடாமல் இதையும் பொறுப்பெடுத்தார். எஞ்சியிருந்த 13 லீக் ஆட்டங்களில் 11 வெற்றி, ஒரு சமநிலை, ஒரே ஒரு தோல்வி, அதுவும் ரொட்டன்ஹாமிடம் 1-0. எல்லாப் போட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் அவர் தோற்றது அந்த ஒரு ஆட்டம்தான். 39 புள்ளிக்கு 34 எடுத்த மனுசனை, "ஒரு கப்தானே" என்று தள்ளிவிட முடியுமா?

புள்ளியை விடுங்கள், அவர் என்ன மாற்றினார் என்பதுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது. லிவர்பூலின் அன்ஃபீல்டில் நடந்த சம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டம். நெடுநாள் முழங்கால் காயத்திலிருந்து திரும்பியிருந்த எசியனை லிவர்பூலின் தலைவர் ஜெரார்டோடு ஒட்டவிட்டார். லிவர்பூல் ஆறாவது நிமிடத்திலேயே டொரஸ் மூலம் கோல் போட்டும், அதற்குப் பிறகு ஜெரார்டை ஆட்டத்தில் தேடத்தான் வேண்டியிருந்தது. இவனோவிச் இரண்டு கோர்னரில் இரண்டு தடவை தலையால் அடித்தார், மூன்றாவதை ட்ரொக்பா போட்டார், 3-1. ஒரு பின்கள வீரர் ஒரே மாதிரி இரண்டு கோல் அடிப்பது தற்செயல் இல்லை. லிவர்பூல் கோர்னரில் ஆளைப் பிடிக்காமல் இடத்தைப் பிடித்து நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு ஓடிவரச் செய்த ஏற்பாடு அது. அதற்குப் பிறகு அரையிறுதியின் முதல் ஆட்டம், பார்சிலோனாவின் கம்ப் நூவில். இடது பின்கள வீரர் அஷ்லி கோல் தடையில் இருந்ததால், வலது பக்கத்தில் ஆடுகிற பொசிங்வாவை இடது பக்கம் போட்டு மெஸ்ஸியின் முன்னால் நிறுத்தினார். ஆட்டம் 0-0. அந்த வருடம் எல்லோரையும் நொறுக்கிக்கொண்டிருந்த பார்சிலோனாவைச் சொந்த மைதானத்தில் கோலே போடவிடாமல் திரும்பி வந்தது செல்சி.

அந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் நடந்த 2009 மே 6-ஐ எழுதும்போது இப்பவும் மனம் கனக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் எசியன் இடது காலால் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் பட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு நடுவர் ஒவ்ரெபோ மறுத்த பெனால்ட்டிகள், 93-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டாவின் கோல். இலக்கை நோக்கி பார்சிலோனா அடித்த ஒரே அடி அது. 1-1, எதிரணி மைதானத்தில் போட்ட கோல் கணக்கில் செல்சி வெளியே. நடுவரைத் திட்டுவதோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம், ஆனால் ஹிடிங்கிலும் ஒரு பிழை இருக்கிறது, அவர் கட்சியில் இருந்துகொண்டே சொல்கிறேன். அபிடாலுக்குச் சிவப்பு அட்டை காட்டி எதிரணி பத்துப் பேராகக் குறைந்த பிறகு, இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது ட்ரொக்பாவை எடுத்துவிட்டு பெலெட்டியை இறக்கினார். இரண்டாவது கோலைத் தேடியிருக்க வேண்டிய நேரத்தில் இருந்த ஒரு கோலைக் காக்கப் போனார்.

அந்த மே மாதத்தில் எங்களுக்கு உதைபந்தாட்டம் நினைவிலேயே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏ-9 வீதி 2006 ஓகஸ்டிலிருந்து பூட்டிக் கிடந்தது, இரவானால் ஊரடங்கு, வன்னியில் இருந்த சொந்தக்காரருக்கு என்ன ஆனதென்று தெரியாமல் வீட்டுக்கு வீடு அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. மே 30-ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் எவர்டனை 2-1 என்று வென்று ஹிடிங்க் கிண்ணத்தோடு விடைபெற்றபோது இங்கே அதைக் கொண்டாடுகிற நிலையில் யாரும் இல்லை. ஹிடிங்கின் ஆட்டங்களை எங்களில் பலர் பின்னாளில்தான் பார்த்தோம், முடிவு தெரிந்த பிறகு. டி மத்தேயோவின் ஆட்டங்களை நேரடியாக, நெஞ்சு படபடக்க, கூட்டமாக இருந்து பார்த்தோம். இந்த ஊரில் அவர் மேல் பாசம் கூட இருப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பாசத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

டி மத்தேயோ பொறுப்பெடுத்தது 2012 மார்ச்சில், வில்லாஸ்-போவாஸை நீக்கிய பிறகு. சம்பியன்ஸ் லீக்கில் நாப்போலியிடம் முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றிருந்த அணி. அவர் செய்தது பெரிய தந்திரமில்லை, மூத்தவர்களைக் கூப்பிட்டுக் களத்தில் இறக்கினார். லம்பார்ட், டெரி, ட்ரொக்பா, அஷ்லி கோல், முன்னவர் ஓரங்கட்டப் பார்த்த ஆட்களெல்லாம் திரும்பி வந்தார்கள். நாப்போலியோடு இரண்டாவது ஆட்டம், மேலதிக நேரத்தில் 4-1. அடைமழைக்குள் ஒழுகுகிற கூரையில் ஏறிக் கிடுகு செருகிறவன் வீட்டைத் திருத்துவதில்லை, ஆனால் உள்ளே இருக்கிறவர்களை நனையாமல் காப்பாற்றுகிறான். அவர் செய்தது அந்த வேலை, அது சின்ன வேலை இல்லை.

பார்சிலோனாவோடு நடந்த கம்ப் நூ அரையிறுதியை நினைத்தால் எனக்கு முதலில் ராமிரெஸ்தான் வருகிறார். டெரி முழங்காலால் இடித்து 37-ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டையோடு வெளியே. பார்சிலோனா 2-0. மத்திய பின்களத்தில் கேஹில்லும் காயம்பட்டுப் போய்விட்டார், இவனோவிச்சும் பொசிங்வாவும் அங்கே நிற்கிறார்கள். இடைவேளை ஊதப் போகிற நேரம் லம்பார்ட் பந்தைத் தள்ளிவிட, ராமிரெஸ் ஓடிப்போய் ஓங்கி அடிப்பார் என்று பார்த்தால், பந்தின் அடியில் காலைக் கொடுத்துச் சும்மா தூக்கிவிட்டார். கோல்காப்பாளர் வல்டெஸின் தலைக்கு மேலால் போய் மெதுவாக இறங்கியது. மெஸ்ஸி பெனால்ட்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்ததும், கடைசியில் டொரஸ் அரை மைதானத்தைத் தனியாக ஓடிப் போட்டதும் இருக்கட்டும், எனக்கு அந்த அடிதான் அடி.

பயர்ன் மியூனிக்கோடு அவர்களுடைய ஊரிலேயே நடந்த இறுதிப் போட்டி எங்கள் நேரத்துக்கு இரவு 12.15. முடிய விடியப்புறம் மூன்று மணி ஆகிவிட்டது. டெரி, இவனோவிச், ராமிரெஸ், மெய்ரெலெஸ் நாலு பேருக்கும் தடை. பயர்னுக்கு 20 கோர்னர், செல்சிக்கு ஒன்று. அந்த ஒன்றில்தான், 88-ஆவது நிமிடத்தில், மாட்டா அடித்த பந்தை ட்ரொக்பா தலையால் உள்ளே இறக்கினார். மேலதிக நேரத்தில் பயர்னின் ரொபன் அடித்த பெனால்ட்டியை எங்கள் கோல்காப்பாளர் செக் பிடித்தார். அதையும் சேர்த்து அன்றைக்குத் தன்னை நோக்கி வந்த ஆறு பெனால்ட்டிக்கும் அவர் சரியான பக்கம்தான் பாய்ந்தார். ஒரு ஆள் இப்படிச் செய்வது படிப்பு, அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கேள்வி, இதில் டி மத்தேயோவின் கை எவ்வளவு? ஒரு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது: சம்பியன்ஸ் லீக்கில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியிராத ரயன் பேர்ட்ரண்டை, இறுதிப் போட்டியில் அஷ்லி கோலுக்கு முன்னால் நிறுத்தி, ரொபனும் லாமும் ஏறிவருகிற பக்கத்தை இரண்டு பேரால் அடைத்தது அவருடைய முடிவு. துணிச்சலான முடிவு. மற்றபடி செக்கின் கை, ட்ரொக்பாவின் தலை, எதிரணி அடித்த கம்பங்கள். லீக்கில் அதே அணி 64 புள்ளியோடு ஆறாம் இடம். நாலாவதாக வந்த ரொட்டன்ஹாமைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த பருவ சம்பியன்ஸ் லீக்குக்குள் போனது, அதுவும் கிண்ணம் வென்றதால். நிரந்தரமாக்கிய பிறகு என்ன நடந்தது? நவம்பரில் யுவென்டஸிடம் 3-0 என்று தோற்றார், மறுநாளே வேலை போனது. அப்படி அனுப்பியது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. 1997 எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆகமுதல் கோல் போட்டவர், 2000-இல் வெற்றி கோலும் போட்டவர், கால் உடைந்து ஆட்டத்தையே விட்டவர்; அந்தக் கழகத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹிடிங்கின் அணி வாரத்துக்கு வாரம் நன்றாக ஆடியது, டி மத்தேயோவின் அணி சில இரவுகளில் உயிரைக் கொடுத்து ஆடியது. முகாமையாளரின் வேலை எது என்று கேட்டால் நான் முதலாவதைச் சொல்வேன்.

ஹிடிங்க் 2015 டிசம்பரில் திரும்பவும் வந்தார், 16-ஆம் இடத்தில் கிடந்த அணியைப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஹசார்டின் கோலால் ரொட்டன்ஹாமை 2-2 என்று மறித்து லெஸ்டருக்கு லீக் பட்டம் போனது ஒன்றுதான் அதில் நினைவு நிற்கிறது.

பெனிடெஸைப் பற்றிக் கதைக்கவே பலருக்கு விருப்பமில்லை. லிவர்பூலில் இருந்தபோது செல்சி ரசிகர்கள் கொடி பிடிப்பதைக் குத்திப் பேசியவர், அதோடு டி மத்தேயோவின் கதிரையில் வந்து இருந்தவர். ஸ்ரம்ஃபோர்ட் பிறிட்ஜில் ஒவ்வொரு ஆட்டத்திலும் 16-ஆவது நிமிடத்தில் டி மத்தேயோவின் பெயரைச் சொல்லிப் பாடினார்கள், அது அவருடைய ஜேர்சி இலக்கம். இத்தனை வெறுப்புக்கு நடுவில், 69 ஆட்டம் ஆட வேண்டி வந்த ஒரு பருவத்தில், லீக்கில் மூன்றாம் இடம், அம்ஸ்ரர்டாமில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்று யூரோப்பா லீக். டேவிட் லுயிஸை மத்தியகளத்துக்கு ஏற்றி ஆடவிட்டது நல்ல மூளை. சம்பியன்ஸ் லீக்கும் யூரோப்பா லீக்கும் ஒரே நேரத்தில் செல்சி கையில் பத்து நாள் இருந்ததே, அதற்குப் பாதிக் காரணம் இந்த மனுசன். பிடிக்காது என்பது வேறு, வேலை செய்யவில்லை என்பது வேறு. நான் அவரை மூன்றாவதாக வைக்கிறேன்.

கிராண்ட் நாலாவது. ஆனால் கேவலமான நாலாவது இல்லை. 2007 செப்டெம்பரில் மொரின்யோ போன கையோடு, யாருமே விரும்பாமல் வந்து, லீக்கில் 85 புள்ளி எடுத்து யுனைட்டெட்டுக்கு இரண்டு புள்ளி பின்னால் முடித்தார். லீக் கிண்ண இறுதிப் போட்டியில் ரொட்டன்ஹாமிடம் தோல்வி. தாயை இழந்து ஒரு வாரம்கூட ஆகாத லம்பார்ட், லிவர்பூலோடு நடந்த அரையிறுதியில் பெனால்ட்டி அடித்துவிட்டு வானத்தைப் பார்த்தது அவருடைய காலத்தில்தான். பிறகு மொஸ்கோவில் யுனைட்டெட்டோடு சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, மழை, பெனால்ட்டி அடிகளில் டெரி வழுக்கி அடித்த பந்து கம்பத்தில் பட்டது, அனெல்காவின் பந்தை வன் டெர் சார் தடுத்தார். மூன்று நாளில் கிராண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாசையூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் என்னை விடாமல் கேட்பான்: "அண்ணை, டெரி மட்டும் வழுக்காமல் இருந்திருந்தால், உங்கட வரிசையில கிராண்ட் எத்தனையாவது?" நியாயமான கேள்வி. இரண்டாவதுக்கு வந்திருப்பார், டி மத்தேயோவை ஒரு படி இறக்கியிருப்பார், ஏனென்றால் லீக்கையும் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு போனவர் அவர். ஆனால் ஹிடிங்குக்கு மேலே இல்லை. கிராண்ட் கையில் எடுத்தது மொரின்யோ ஓடவிட்டிருந்த அணி. அதை நிறுத்தாமல் ஓட்டினார். ஹிடிங்க் எடுத்தது நின்றுபோன அணி.