28 இன்ச்சா, 32 இன்ச்சா, 29 இன்ச் சதுரமா? பிக்சர் டியூப் காலத்து அகலத்திரை டிவிகள்

2001 முதல் 2012 வரை லண்டனில் எங்கள் குடும்பத்துக்குள் மூன்று விதமான பிக்சர் டியூப் டிவிகள் இருந்தன. எங்கள் வீட்டில் முதலில் வந்தது 28 இன்ச் அகலத்திரை, 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை படம் வரைவது. 2004-ல் 32 இன்ச் அகலத்திரை வாங்கினோம், அது 100 ஹெர்ட்ஸ். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் எங்களுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்த என் மச்சான் மட்டும் பழைய 4:3 வடிவத்தில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு; பேச்சில் 'சதுரம்') 29 இன்ச் ஃபிளாட் டியூப் வைத்திருந்தார். மூன்றின் முன்னாலும் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன், மூன்றின் பின்னாலும் குனிந்து வயர் மாட்டியிருக்கிறேன். பழைய வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் இந்த டிவிகளை இப்போது மறுபடி தேடுகிறார்கள். எதை எடுக்கலாம் என்று கேட்ட இரண்டு மூன்று நண்பர்களுக்குப் போனில் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. பிரிட்டனில் கடையில் சொன்ன இன்ச் கண்ணாடி டியூபின் மொத்த அளவு. கண்ணுக்குத் தெரிகிற படம் அதைவிடச் சின்னது. 28 இன்ச் அகலத்திரையில் மூலைக்கு மூலை தெரிவது 66 செ.மீ., 32 இன்ச்சில் 76 செ.மீ., மச்சானின் 29 இன்ச்சில் 68 செ.மீ. இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 இன்ச் அகலத்திரையின் உயரம் 32 செ.மீ.தான். அதில் பழைய 4:3 நிகழ்ச்சியை வடிவம் கெடாமல், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுப் பார்த்தால் படம் 54 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். அது ஏறக்குறைய ஒரு 21 இன்ச் டிவி. மாறாக, மச்சானின் 29 இன்ச்சில் அகலப் படத்தை மேலும் கீழும் பட்டை விட்டுப் பார்த்தால் 62 செ.மீ. கிடைக்கும். அகலப் படத்தில் நாங்கள் அவரைவிட 4 செ.மீ. முன்னால், சதுரப் படத்தில் 14 செ.மீ. பின்னால்! வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 32 இன்ச்சுக்குப் போன பிறகுதான் சதுரப் படமும் 62 செ.மீ. ஆகி, நாற்காலியை முன்னால் இழுக்காமல் பார்க்க முடிந்தது.

அப்படியானால் 2001-ல் ஏன் எல்லோரும் அகலத்திரை வாங்கினார்கள்? 1998-ல் அங்கே டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியதிலிருந்து பிபிசி நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக 16:9 என்ற அகலத்திரை வடிவத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. 2002 அக்டோபர் 30-ல் ஃப்ரீவியூ என்ற டிஜிட்டல் ஒளிபரப்புச் சேவை வந்ததும், மாதச் சந்தா இல்லாமலே ஒரு சின்னப் பெட்டியில் அகலப் படம் கிடைத்தது. ஆங்கிலச் சேனல்களை மட்டும் பார்த்த வீடுகளுக்கு 28 இன்ச் அகலத்திரை சரியான தேர்வுதான். தமிழ் வீடுகளின் கதை வேறு. சாட்டிலைட்டில் வந்த தமிழ்ச் சேனல்கள் 4:3, ஊரிலிருந்து வந்த கல்யாண வீடியோ 4:3, சீரியல் பதிந்த கேசட் 4:3. நாங்கள் பார்த்ததில் பாதிக்கு மேல் சதுரம்.

சதுரத்தை அகலத்தில் நிரப்பத்தான் டிவிக்குள்ளே பல மோடுகள் இருந்தன. முழுக்க இழுப்பது ஒன்று, மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்குவது ஒன்று. நடுவில் கொஞ்சமாகவும் ஓரத்தில் அதிகமாகவும் இழுப்பது மூன்றாவது. கடைக்காரர்கள் பெருமையாகக் காட்டியது மூன்றாவதைத்தான். கீழே செய்தி ஓடும்போது அதன் வேலை அப்படியே தெரியும். எழுத்து வலது ஓரத்தில் குண்டாக நுழையும், நடுவுக்கு வரும்போது ஒல்லியாகும், இடது ஓரத்தில் மறுபடி குண்டாகிப் போகும். ஓடும் வேகமும் இடத்துக்கு இடம் மாறும். 2003-ல் மதுரையிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்த அம்மா, இரண்டாம் நாளே கேட்டார்: "ஏன்டா, இந்த ஊர் டிவில எல்லார் மூஞ்சியும் உப்பியிருக்கு?" அன்றைக்கே 4:3-க்கு மாற்றி, கறுப்புப் பட்டையோடு வைத்தேன். படம் சின்னதானது, ஆனால் முகம் முகமாக இருந்தது. நான் சொல்ல வருவதும் இதுதான். எந்த டிவி வாங்கினாலும் படத்தை அதன் சொந்த வடிவத்தில் பாருங்கள். அப்படிப் பார்த்தால் எத்தனை செ.மீ. கிடைக்கும் என்பதுதான் அந்த டிவியின் உண்மையான அளவு.

வடிவத்தைத் தானாக மாற்றும் வசதியும் உண்டு. ஐரோப்பிய டிவிகளின் பின்னால் இருக்கும் ஸ்கார்ட் என்ற 21 பின் இணைப்பில் எட்டாவது பின்னின் வேலை அது. அதில் சுமார் 6 வோல்ட் வந்தால் 16:9, சுமார் 12 வோல்ட் வந்தால் 4:3 என்று டிவி புரிந்துகொள்ளும். ஃப்ரீவியூ பெட்டியின் மெனுவில் "16:9 டிவி" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, எல்லாப் பின்னும் உள்ள நல்ல ஸ்கார்ட் வயரைப் போட்டால் போதும், அப்புறம் ரிமோட்டைத் தொட வேண்டியதே இல்லை. மலிவு வயர்களில் எல்லாப் பின்னுக்கும் கம்பி இருக்காது. நான் உதவிக்குப் போன வீடுகளில் பாதிப் பேர் பெட்டியை 4:3-லேயே விட்டுவிட்டு, டிவியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பெட்டி ஒரு முறை கெடுக்கும், டிவி இன்னொரு முறை கெடுக்கும்.

இனி 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா என்ற பெரிய கேள்வி. 50 ஹெர்ட்ஸ் டியூபில் வெள்ளைப் பின்னணி வந்தால் படபடவென்று மின்னும். நேரே பார்க்கும்போது அவ்வளவு தெரியாது, ஓரக்கண்ணில் நன்றாகத் தெரியும். பெரிய திரையில் அது கண்ணை உறுத்தும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ் வந்தது. கடையில் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பூந்தோட்டத்தைக் காட்டினார்கள். 100 ஹெர்ட்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய போட்டோ மாதிரி நின்றது. அதைப் பார்த்துத்தான் 32 இன்ச்சை எடுத்தேன்.

வாங்குவதற்கு முன்பே ஒருவர் எச்சரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே டிவி பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணை ஒருவர். "தம்பி, எழுத்து ஓடேக்க பாரும், ரெண்டாத் தெரியும்" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. 2005 ஆகஸ்டில் எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்து 2 ரன்னில் ஆஸ்திரேலியாவை ஜெயித்த அந்தக் கடைசி நாளில், சேனல் 4-ல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. எல்லைக் கோட்டை நோக்கி உருளும் பந்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு பந்து போனது. எங்கள் பழைய 28 இன்ச்சில் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

காரணம் எளிது. நொடிக்கு 50 முறை வரும் படத்தை 100 ஹெர்ட்ஸ் டிவி தன் மெமரியில் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வரைகிறது. நம் கண் பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் தடவை வரையும்போது பந்து மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால் கண்ணுக்கு இரண்டு பந்து. விலை கூடிய மாடல்களில் நடுவே வரவேண்டிய படத்தைக் கணக்குப் போட்டுத் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் சிப் இருந்தது. அதில் இரட்டைப் பந்து குறையும், ஆனால் ஓடுகிறவரின் உடம்பைச் சுற்றி ஒரு கலங்கல் கூடவே ஓடும். சினிமாவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் சினிமாவின் ஒரு ஃபிரேம் 50 ஹெர்ட்ஸ் டிவியிலேயே இரண்டு தடவை வரையப்படுகிறது. ஆக, சினிமாவும் நாடகமும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு 100 ஹெர்ட்ஸ் கண்ணுக்கு இதம். விளையாட்டு பார்க்கிறவர்கள் 50 ஹெர்ட்ஸின் படபடப்பைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கேம் விளையாட வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், 50 ஹெர்ட்ஸ்தான். படத்தை மெமரியில் வாங்கி வைக்காமல் வந்தபடியே வரைவதால், பட்டனை அழுத்தியவுடன் திரையில் அடி விழும். என் மகனுடைய பிளேஸ்டேஷன் 2-க்கு வாங்கிய துப்பாக்கி 32 இன்ச்சில் வேலையே செய்யவில்லை. துப்பாக்கி பழுது என்று திருப்பிக் கொடுக்கவும் கிளம்பிவிட்டோம். படுக்கையறைக்குப் போயிருந்த 28 இன்ச்சில் மாட்டியதும் குறி தப்பாமல் சுட்டது. திரையில் எலக்ட்ரான் கற்றை எந்த நொடியில் எந்த இடத்தைக் கடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியைக் கண்டுபிடிக்கிறது. 100 ஹெர்ட்ஸில் அந்த நேரக் கணக்கே மாறிவிடுகிறது.

தமிழ்ப் பட டிவிடிக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி, அதாவது 60 ஹெர்ட்ஸ், படத்தை வரையும் கிடைக்கோடுகள் 480 வரி. 28 இன்ச்சில் பிபிசி பார்க்கும்போது இருந்த படபடப்பு, தமிழ்ப் படம் போட்டவுடன் குறைந்ததற்கு அந்த 60 ஹெர்ட்ஸ்தான் காரணம். வரி விஷயத்தில்தான் சிக்கல். அகலத்திரைக்கென்று சரியாகத் தயாரித்த டிவிடியில் ஒரு சினிமாஸ்கோப் படத்துக்குச் சுமார் 360 வரி கிடைக்கும். 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு பதித்த டிவிடியில் சுமார் 270 வரிதான். அப்போது எங்கள் கையில் இருந்ததில் இரண்டாவது வகை ஏராளம். அதை 32 இன்ச்சில் ஜூம் செய்தால் புடவைக் கரை, தூரத்து முகம் எல்லாமே கரைந்துவிடும். இன்னொரு தொல்லை சப்டைட்டில். கீழ்க் கறுப்புப் பட்டைக்குள் எழுதியிருந்தால், ஜூம் செய்ததும் இரண்டாம் வரி திரைக்கு வெளியே போய்விடும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆங்கில வரி இல்லாமல் வசனம் புரியாது. ஜூமை எடுத்தால் படம் தபால் தலை அளவு, போட்டால் பாதி வசனம் காணோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் இதுதான் பஞ்சாயத்து.

மச்சான் வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை. அந்த டிவிடியை அவருடைய 29 இன்ச்சில் ஜூம் இல்லாமல் போட்டாலே படம் 54 செ.மீ. அகலம், 23 செ.மீ. உயரம். எங்கள் 28 இன்ச்சில் ஜூம் செய்தும் கிடைத்தது 57-க்கு 24. சப்டைட்டிலும் முழுசாக இருக்கும். சரியாகத் தயாரித்த டிவிடிக்கென்று அவருடைய டிவி மெனுவில் 16:9 என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் எல்லா வரிகளையும் நடுப்பகுதிக்குள் நெருக்கி வரையும். வரிகள் நெருங்குவதால் படம் எங்கள் இரண்டு டிவியையும்விடக் கெட்டியாகத் தெரிந்தது. 2001-க்கும் 2005-க்கும் இடையில் ஒரு தமிழ் வீட்டுக்குச் சரியான டிவி அதுதான் என்று இப்போது தயங்காமல் சொல்வேன். 2006-க்குப் பிறகு ஆங்கிலச் சேனல்களில் புதிதாக வந்த எல்லாமே அகலமான பிறகுதான் 32 இன்ச் அவருடையதை முந்தியது.

எடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 32 இன்ச் 50 கிலோவைத் தாண்டும், முன்பக்கக் கண்ணாடியில்தான் பாரம் முழுவதும். கண்ணாடியை நெஞ்சோடு அணைத்து, இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும். 2005 வாக்கில் வந்த ஒல்லி டியூப் மாடல்களுக்கு ஆழம் குறைவு, ஆனால் கற்றையை அதிகக் கோணத்தில் வளைக்க வேண்டியிருப்பதால் மூலைகளில் நேர்கோடு நேராக நிற்பது கஷ்டம். நான் அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வேறு பாதை உண்டு. அங்கே எச்டி பிக்சர் டியூப் டிவிகள் நிறைய விற்றன. 2004-ல் வந்த சோனி கேவி-34எக்ஸ்பிஆர்960 அவற்றில் பேர் பெற்றது. 34 இன்ச் அகலத்திரை, 1080ஐ என்ற 1080 வரி எச்டி படம், எச்டிஎம்ஐ, எடை 90 கிலோவுக்குப் பக்கம். அங்கே இன்ச் என்றால் கண்ணுக்குத் தெரிகிற அளவு. எச்டி சினிமாவுக்கு அது அருமையான டிவி. ஆனால் பழைய கேமுக்கு அதைத் தேடிப் போகாதீர்கள். எந்தச் சிக்னல் வந்தாலும் உள்ளே டிஜிட்டலாக மாற்றித்தான் வரையும் என்பதால் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் வரும், துப்பாக்கியும் வேலை செய்யாது.

இன்றைக்கு ஒருவர் பழைய அகலத்திரை டியூப் பார்க்கப் போனால், கையில் ஒரு அளவு டேப் எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன். டிவி குளிர்ந்திருக்கும்போதே போட்டுப் பாருங்கள். போட்டவுடன் "தும்" என்று ஒரு சத்தம் வரவேண்டும், அது காந்தத்தால் திரையில் விழும் நிறக் கறையை நீக்கும் சுருளின் சத்தம். அரை மணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளைப் படத்தில் நடுவையும் இரண்டு ஓரத்தையும் ஒப்பிடுங்கள். வருடக்கணக்கில் 4:3-ல் மட்டுமே ஓடிய டியூபில் நடுப்பகுதி தேய்ந்து, ஓரப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். பிறகு ஒரு வட்டம் உள்ள படத்தைப் போட்டு, அகலத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். என் 32 இன்ச்சில் வட்டம் வலப்பக்கம் 5 மி.மீ. சரிந்திருந்தது. வாங்கிய கடையில் சொன்னபோது "பெரிய டியூப் என்றால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து, சர்வீஸ் மெனுவைத் திறந்து, டேப்பைத் திரையில் வைத்து வைத்து அளந்து, தேநீர் ஆறும்வரை உட்கார்ந்து அதை நேராக்கினார். 2012-ல் அந்த டிவி வீட்டைவிட்டுப் போன நாளிலும் வட்டம் வட்டமாகத்தான் இருந்தது.